5000 யூனிட் பைட்டேஸ் தூள்: லேயர் பண்ணைக்கு வாங்கலாமா?

மோகனூர்ப் பக்கம் முட்டைக்கோழி (லேயர்) பண்ணை நடத்துபவன் என்ற முறையில், சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் பயன்படுத்துவது கிராமுக்கு 5000 யூனிட் வீரியமுள்ள பைட்டேஸ் என்ற நொதித் தூள். டன்னுக்கு 100 கிராம் சேர்த்தால் ஒரு கிலோ தீவனத்தில் 500 யூனிட் இருக்கும்.

மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, எண்ணெய் நீக்கிய தவிடு ஆகியவற்றிலுள்ள பாஸ்பரசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரிக்கப் போதிய நொதி கோழியின் குடலில் சுரப்பதில்லை என்பதால், பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறுவதோடு, கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு போகிறது. இந்தத் தூள் அந்தக் கட்டை அவிழ்க்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. பாஸ்பரசுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் டிசிபியை (டைகால்சியம் பாஸ்பேட்) குறைத்த பிறகும் எங்கள் கோழிகளின் முட்டையிடும் திறனோ கால்வலுவோ தளரவில்லை.

கவனம் தேவைப்படும் இடம் கணக்கில்தான் இருக்கிறது. நொதி தீவன எடையில் 0.1 சதவீத அளவு பாஸ்பரசை விடுவிப்பதாகக் கொண்டால், 18 சதவீதப் பாஸ்பரஸ் உள்ள டிசிபியில் டன்னுக்கு ஐந்தரைக் கிலோவைக் குறைக்கலாம். ஆனால் டிசிபியில் கால்சியமும் இருப்பதால், அதைக் குறைக்கும்போது ஒன்றேகால் கிலோ அளவுக்குக் கால்சியமும் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட மூன்றேகால் கிலோ சுண்ணாம்புக்கல் கூடுதலாகப் போட வேண்டும். விற்பனைப் பிரதிநிதி தந்த அட்டவணையோ, நொதியே கால்சியத்தையும் விடுவிக்கும் என்று கூறி, சுண்ணாம்புக்கல்லையும் குறைக்கச் சொல்கிறது. 60 வாரம் கடந்த கோழிக்கு அதை முழுமையாக ஏற்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், தீவனம் தராத அந்நேரத்தில் குடலில் மெதுவாகக் கரையும் குருணைச் சுண்ணாம்புக்கல் இல்லாவிட்டால், கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். முட்டைகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் தெரியும் மயிரிழைக் கீறல்கள் இந்தப் பற்றாக்குறையை முதலில் காட்டிக்கொடுக்கும். மாவாக அரைத்த சுண்ணாம்பை அளவுக்கு மீறிக் கொட்டினாலும் நொதியின் வேலை கெடும்.

தூளை நேரடியாக மிக்சரில் கொட்டாமல், முதலில் பத்துக் கிலோ அரைத்த சோளத்தில் கலந்துவிட்டுச் சேர்க்க வேண்டும். மாவாகவே தரும் மேஷ் தீவனம் என்பதால், குச்சியாக அழுத்திப் பெல்லட் போடும்போது வரும் வெப்ப இழப்பு நமக்கு இல்லை. தகரக் கூரையின் கீழ் மூட்டையைப் பிரித்து வைத்தால்தான் வீரியம் போய்விடும்.

சித்திரை வெயிலில் மூச்சிரைக்கும் கோழியின் ஓடு மெலிவதற்கு இது மருந்தல்ல. எச்சத்தில் பாஸ்பரஸ் குறைந்தால் மண்ணில் அது தேங்குவதும் குறையும் என்பதால், எச்சத்தை ஆண்டுதோறும் மரவள்ளிக் காட்டுக்கு அடிப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

டிசிபி விலை ஏறியிருக்கும் நிலையில் இத்தூளை வாங்கலாம் என்றே சொல்வேன். அளவை மாற்றும் முன்பு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்தில் உங்கள் தவிட்டையும் சுண்ணாம்புக்கல்லையும் சோதித்துக்கொள்ளுங்கள். டிசிபியையும் ஒரே மூச்சில் குறைக்காமல், டன்னுக்கு இரண்டு கிலோவாகக் குறைத்து ஓட்டின் தரத்தைப் பார்த்தபடி முன்னேறுங்கள்.