செட்ஸ்வொர்த் ஹார்மோன் கிளினிக்: தாராளமாகப் போகலாம்

அக்காவுக்குப் புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) அதிகம் என்று ரிப்போர்ட் வந்ததால், டர்பன் பக்கம் செட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு சின்ன ஹார்மோன் கிளினிக்குக் கூட்டிப் போனேன். பார்க்கிங் கஷ்டம், ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் டாக்டரம்மா விளக்குகிற விதத்துக்காகவே போகலாம்.

பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். மேலே மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ், அதன் அடியில் மெல்லிய தண்டில் தொங்கும் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பி. மேலிருந்து வரும் ஹார்மோன்கள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியாகப் பிட்யூட்டரியின் முன்பகுதிக்கு இறங்கும், அங்கிருந்து டிஎஸ்ஹெச் என்கிற ஹார்மோன் கிளம்பித் தைராய்டை வேலை வாங்கும், தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் போதுமான அளவு ஏறியதும் அதுவே மேலே இருக்கும் இரண்டையும் அடக்கிவிடும். பின்பகுதி வேறு மாதிரி: ஆக்ஸிடோசின், வாசோபிரெசின் என்கிற இரண்டு ஹார்மோன்களும் ஹைப்போதலாமஸிலேயே உருவாகி, நரம்பு வழியே இறங்கி, அங்கே சேமிப்பில் இருக்கும்.

புரோலாக்டினை மட்டும் ஹைப்போதலாமஸ் பெரும்பாலும் டோபமைன் என்கிற ரசாயனத்தால் ஏறவிடாமல் பிடித்தே வைத்திருக்குமாம். டோபமைனைத் தடுக்கும் மருந்து, சில வாந்தி மாத்திரைகள்கூட, சாப்பிட்டால் அந்தப் பிடி தளர்ந்து புரோலாக்டின் ஏறிவிடும். அதனால் அக்காவின் மாத்திரை அட்டைகளை எல்லாம் மேஜையில் பரப்பச் சொல்லி ஒவ்வொன்றாகப் படித்தார், தைராய்டு குறைந்தாலும் இது ஏறும் என்று டிஎஸ்ஹெச் டெஸ்டும் எழுதினார், அப்புறம்தான் எம்ஆர்ஐ பேச்சையே எடுத்தார். முன்பு போன இடத்தில் எதுவும் கேட்காமல் நேரே ஸ்கேன் என்றார்கள்.

நர்ஸும் அருமை. பதற்றத்தில் புரோலாக்டின் ஏறும் என்று அக்காவைக் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார வைத்த பிறகே ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்.

கார்டிசோல் என்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோனைப் பார்க்க வேண்டுமென்றால் காலை 8 மணிக்கே போங்கள், அது காலையில்தான் உச்சத்தில் இருக்கும். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கார்டு, மாத்திரை அட்டைகள் எல்லாம் கையோடு இருக்கட்டும்.