தானாக இருளும் வெல்டிங் முகக்கவசம்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

வார இறுதிகளில் வெல்டிங் பழகும் எனக்கு, 1,800 ரூபாய்க்கு வாங்கிய இக்கவசம் பெரிதும் உதவியிருக்கிறது. கையில் பிடிக்கும் பழைய கறுப்புக் கண்ணாடியில் ராடு (உருகி இணைக்கும் வெல்டிங் கம்பி) எங்கே தொடுகிறது என்று தெரியாமல் குத்துமதிப்பாகத் தட்டி, அது ஒட்டிக்கொண்டு, இழுத்துப் பிடுங்குவதே வேலையாக இருந்தது. இதிலோ ஆர்க் (ராடு நுனியில் எழும் மின்பொறி) பிடிப்பதற்கு முன்பே இணைப்புக் கோடு தெளிவாகத் தெரிவதால், 2.5 மி.மீ. 6013 வகை ராடை 80 ஆம்பியரில் ஓரளவு நேராக ஓட்ட முடிகிறது. கண்ணாடி எவ்வளவு இருள வேண்டும் என்பதை 9 முதல் 13 வரை வைக்கலாம்; எண் கூடினால் இருளும் கூடும். எனக்கு 10 போதும்.

ஆர்க் ஒளியை உணரும் முன்புற உணரியைக் குழாயோ கையோ மறைத்தால் கண்ணாடி இருளாமல் கண் கூசுகிறது, ஆயினும் கண்ணாடியிலுள்ள வடிகட்டி புற ஊதாக் கதிரை அப்போதும் தடுத்துவிடுகிறது. தலைப்பட்டைதான் படுமோசம்: குனிந்தால் நழுவுகிறது. இது புகையைத் தடுக்காது என்பதால், ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து நீக்கிய பின்பே, காற்றோட்டமான இடத்தில் பற்றவைக்கிறேன்.