கூகுள் சர்ச் கன்சோல்: திட்டமிடலுக்கு முதல் கருவி

தொழிலுக்கான இணையதளத்துக்கு வருகையாளர்களை ஈர்க்கத் திட்டமிடுபவர்கள், விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும் முன்பே, கூகுள் தேடலில் தங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்பதைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று அழைக்கப்பட்ட இக்கருவி முற்றிலும் இலவசம்.

இதன் உயிர்நாடி செயல்திறன் அறிக்கைதான். மக்கள் எந்தச் சொற்களைத் தேடியபோது நம் பக்கம் காட்டப்பட்டது, அதில் எத்தனை சொடுக்குகள் கிடைத்தன, சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்பதையெல்லாம் 16 மாதங்கள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம் என்பதால், பருவத்துக்குப் பருவம் மாறும் தேவையையும் கணிக்க முடிகிறது. குடிநீர் ஃபில்டர் பழுதுபார்க்கும் சேவைக்கான எங்கள் பக்கத்துக்கு ‘முழுமையான குடிநீர்த் தீர்வுகள்’ என்று தலைப்பிட்டிருந்தோம். தேடியவர்களோ ‘ஃபில்டரில் தண்ணீர் ஒழுகுகிறது’ என்றே கேட்டிருந்தார்கள். பக்கம் அடிக்கடி காட்டப்பட்டும் சொடுக்குகள் மிகக் குறைவாக இருந்ததைக் கண்டு, அவர்களுடைய சொற்களையே தலைப்பாக்கினோம். அதன் பிறகே அழைப்புகள் வரத் தொடங்கின.

வந்தவர் தளத்துக்குள் என்ன செய்தார் என்பதை அறிய கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற வேறொரு கருவி தனியாக வேண்டும். புதிய தளத்தில் தொடக்கத்தில் அறிக்கை வெறுமையாகத் தெரிந்தாலும் மனம் தளராமல், தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் தளவரைபடத்தை (sitemap) சர்ச் கன்சோலில் சமர்ப்பித்து, முக்கியமான பக்கங்கள் கூகுளின் தேடல் அட்டவணையில் (index) சேர்ந்துள்ளனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிடுங்கள்.