அனோரெக்சியா, புலிமியா: சுபாவம் எங்கே பிரிகிறது?

சாப்பாட்டை ஒதுக்கும் பிள்ளைக்கு மன உறுதி ஜாஸ்தி என்றுதான் வீட்டில் முதலில் நினைப்பார்கள். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோயான அனோரெக்சியா உள்ள பலரிடம் அந்தப் பிடிவாதம் நிஜமாகவே உண்டு. ஓர் எழுத்து கோணினாலும் பக்கத்தைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து எழுதுவார்கள். புது இடம், புது ஆள் என்றால் ஒதுங்குவார்கள். நோய்க்கு முன்பே தெரிகிற இந்தக் குணம், தேறிய பிறகும் ஓரளவு ஒட்டிக்கொண்டிருக்கும்.

புலிமியா என்பது அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, எடை கூடாமலிருக்க வாந்தி எடுப்பது போன்றவற்றைச் செய்யும் நோய். மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் 1979-இல் விவரித்த இந்த நோயில் அவசரம் சேர்கிறது. மனம் கொதித்தால் உடனே எதையாவது செய்தாக வேண்டும்: அள்ளி அள்ளிச் சாப்பாடு, அப்புறம் வெட்கம். ஆனால் பதற்றமும், எதிலும் குறை வரக்கூடாது என்ற தவிப்பும் இங்கேயும் உண்டு. ஒருவரே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவதும் நடக்கிறது. எனவே இரண்டையும் நேர் எதிரிகளாக நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொரு சிக்கல். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். சிடுசிடுப்பு, தனிமை வேறு. பட்டினியே குணத்தை மாற்றிவிடுகிறது. ஆகவே உடல் தேறும் முன் நோயாளி நிரப்பிய குணக் கேள்வித்தாளை நான் பாதிதான் நம்புவேன்.