அம்மா அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தேதியைப் பார்க்காமல் மணிலா மெடிக்கல் சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிலிப்பினோ பிள்ளைகளைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. உள்ளூர் மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் கைவிரித்த பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, அதைப் பார்த்துத் தூக்கம் கெட்ட நர்ஸ் அம்மா. இவர்களிடம்தான் ஏஜென்ட் வருகிறார். "உங்க பிள்ளை பிலிப்பினோ ரத்தம். பிலிப்பைன்ஸில் மெடிக்கல் சீட் நிச்சயம், கட்டணமும் உள்ளூர்க்காரங்க கட்டுறதுதான்." ஆயிரக்கணக்கான டாலர் முன்பணம் கைமாறும். மணிலாவில் இறங்கிய பிறகுதான், கல்லூரிப் பதிவேட்டில் பிள்ளை வெளிநாட்டு மாணவர் என்று இருப்பது தெரியவரும். கட்டணம் கூடும், மாணவர் விசா எடுக்க வேண்டும், முன்பணம் திரும்பாது.

உங்களோடு வேலை செய்யும் பிலிப்பினோ அக்காக்களிடம் இதைச் சொல்லுங்கள். தமிழ் அப்பா, பிலிப்பினோ அம்மா என்று இருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

ரத்தம் சீட் வாங்கித் தராது. குடியுரிமைதான் கணக்கு, அதுவும் ஒரே ஒரு தேதியில் நிற்கிறது. பிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்பின்படி தாயோ தந்தையோ பிலிப்பைன்ஸ் குடியுரிமையோடு இருந்தபோது பிறந்த பிள்ளை, எங்கே பிறந்தாலும் பிறப்பால் பிலிப்பைன்ஸ் குடிமகன். அம்மாவின் அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழை எடுத்து அதிலுள்ள தேதியைப் பாருங்கள். பிள்ளை அதற்கு முன் பிறந்திருந்தால் வேலை சுலபம். பிலிப்பைன்ஸ் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து, பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். காலம் கடந்த பதிவையும் ஏற்கிறார்கள். இந்தப் பதிவுக் கட்டணம் 25 டாலர்தான். இதையே "குடியுரிமை பேக்கேஜ்" என்று ஏஜென்ட் ஆயிரங்களுக்கு விற்கிறார்.

பிள்ளை அந்தத் தேதிக்குப் பின் பிறந்திருந்தால்தான் சிக்கல். 2003இல் வந்த 9225ஆம் எண் சட்டப்படி அம்மா உறுதிமொழி எடுத்துப் பழைய குடியுரிமையை மீட்கலாம். அவரோடு சேர்த்துப் பிள்ளைக்கும் கிடைக்கும், ஆனால் பிள்ளை திருமணமாகாதவராகவும் 18 வயதுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். மருத்துவம் படிக்கப் போகிறவரோ இளங்கலை முடித்தவர், வயது 21, 22 ஆகியிருக்கும். "அம்மா உறுதிமொழி எடுத்தால் போதும், மகனுக்கும் வந்துவிடும்" என்று பணம் வாங்குவது இந்த இடத்தில்தான் மோசடியாகிறது. வீட்டில் 16, 17 வயதுத் தம்பி தங்கைகள் இருந்தால் இன்றே தூதரகத்தில் நேரம் வாங்குங்கள்.

அடுத்த பொய் என்மாட் பற்றியது. அது பிலிப்பைன்ஸின் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. "40 எடுத்தால் போதும்" என்பார்கள். அந்த 40 மதிப்பெண் அல்ல, பெர்சன்டைல்; அதாவது தேர்வு எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினரை முந்தினீர்கள் என்ற கணக்கு. அந்நாட்டு உயர்கல்வி ஆணையம் வைத்த கீழ் எல்லை அது. நல்ல கல்லூரிகள் இதைவிட மிக மேலே எல்லை வைக்கின்றன. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு 90ஐ ஒட்டி வேண்டும். தேர்வின் முதல் பகுதியில் மொழித்திறன், தர்க்கம், கணக்கு, வடிவங்களைக் கூர்ந்து பார்க்கும் திறன் வரும். இரண்டாம் பகுதியில் உயிரியல், இயற்பியல், சமூக அறிவியல், வேதியியல். அமெரிக்க மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்குப் படித்தவர்கள் வடிவப் பகுதியில்தான் தடுமாறுவார்கள், அதற்குத் தனிப் பயிற்சி தேவை. என்மாட் இல்லாமலே சீட் என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்களுக்குத் "தூதரக முத்திரை" என்று தனியாக ஒரு தொகை கேட்பார்கள். அது தேவையில்லை. 2019 மே 14 முதல் பிலிப்பைன்ஸ் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது; ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற உறுப்பு நாடுகள் தூதரக முத்திரை இல்லாமலே ஏற்க வைக்கும் சான்றுதான் அப்போஸ்டில். கலிஃபோர்னியா பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல் என்றால், நோட்டரி முடித்து அந்த மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் வாங்கினால் போதும். தபாலிலேயே முடியும்.

"அரசுக் கல்லூரியில் மருத்துவம் இலவசம்" என்பதும் பாதி உண்மை. 2017இன் இலவசக் கல்விச் சட்டம் இளங்கலைக்குத்தான். மருத்துவத்துக்கான உதவித்தொகை 2020இன் 11509ஆம் எண் சட்டத்தில் வருகிறது. அது பிலிப்பைன்ஸிலேயே வசிக்கும் குடிமக்களுக்கானது, படித்தபின் அங்கே சேவை செய்யும் கடமையும் உண்டு.

ஏஜென்ட்டுகள் வாயே திறக்காத ஒன்று மொழி. பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் நான்காம் ஆண்டில் வார்டில் நோயாளியிடம் மணிலாவில் தகலோக், செபுவில் செபுவானோ, பாகியோ பக்கம் இலோகானோவும் பேச வேண்டியிருக்கும். பாட்டி பேசினால் புரியும் என்கிற அளவு போதாது.

அமெரிக்காவுக்குத் திரும்பி வேலை செய்வதுதான் நோக்கம் என்றால், உலக மருத்துவக் கல்லூரிகள் அடைவில் அந்தக் கல்லூரியைத் தேடி, இசிஎஃப்எம்ஜி (வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு அமெரிக்காவில் சான்று தரும் அமைப்பு) குறிப்பு இருக்கிறதா, எந்த ஆண்டில் பட்டம் பெறுபவர்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 2022 முதல் வெறும் தேர்ச்சி–தோல்விதான் என்பதால், வெளிநாட்டில் படித்தவர்களின் ஸ்டெப் 2 மதிப்பெண்ணை இப்போது அதிகம் பார்க்கிறார்கள். மருத்துவமனைப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் 2024 மேட்சில் அமெரிக்க எம்டி மாணவர்களில் சுமார் 93 விழுக்காட்டினருக்கு முதலாண்டுப் பயிற்சி இடம் கிடைத்தது; வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் சுமார் 67 விழுக்காட்டினருக்குத்தான். அமெரிக்க அரசின் கல்விக் கடன் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொன்னால், அந்தக் கல்லூரி பெயர் அரசின் கடன் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சட்டம் வேறு. வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும் என்கிற இந்தியாவின் 2021 நவம்பர் 18 விதிகளைத் தனியாகப் படிக்க வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், முதலில் கல்லூரிப் பதிவாளருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள்: என் பெயரில் விண்ணப்பம் வந்ததா, முன்பணம் வந்ததா, என்னை எந்தப் பிரிவில் பதிந்திருக்கிறீர்கள்? பல நேரம் விண்ணப்பமும் வரவில்லை, முன்பணமும் வரவில்லை, எந்தப் பிரிவிலும் பதியவில்லை என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலைச் சேமித்து வையுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை வந்த பில் தேதியிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் போக வேண்டும். ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் செயலி) வழியாக அனுப்பியிருந்தால் மீட்பது கடினம். அப்போதும் நுகர்வோர் மோசடிப் புகார்களை வாங்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசியிலும் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் பதியுங்கள். அதே ஏஜென்ட் மீது வேறு புகார்களும் சேரும்போது அது பயன்படும்.