நல்ல பாத்திரமேற்புக்கு என்ன பரிசு? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ‘இன்ஸ்பிரேஷன்’ விதி பற்றிய மதிப்புரை

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வெளிவந்தபோது, பாத்திரமாகவே மாறி ஆடுபவருக்குப் பரிசு தருவதற்கென்று ‘இன்ஸ்பிரேஷன்’ என்ற சிறிய விதி ஒன்று ஆட்டக்காரர்களுக்கான விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இடம்பெற்றது. 2024இல் அந்நூல் திருத்தி எழுதப்பட்டபோது, அதே விதி ‘ஹீரோயிக் இன்ஸ்பிரேஷன்’ என்ற பெயரில் வேறு வடிவம் பெற்றது. இரண்டையும் பல அமர்வுகளாகத் தொடரும் நீண்ட கேம்பெய்ன்களில், கதையை நடத்தித் தீர்ப்பும் சொல்லும் டன்ஜன் மாஸ்டராகவும் ஆட்டக்காரராகவும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில், இந்த ஒரு விதியை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். பகடைக் கணக்கில் புதிய விதியே மேலானது. ஆனால் எதற்காகப் பரிசு தருகிறோம் என்பதைப் பழைய விதி சொன்ன அளவுக்குப் புதியது சொல்லவில்லை.

பழைய விதி செயல்படும் முறை எளிது. பாத்திரத்தை உருவாக்கும்போதே அதன் பின்னணியை ஒட்டி இரண்டு குணங்கள், ஓர் இலட்சியம், ஒரு பற்று, ஒரு குறை ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். ஆட்டத்தின்போது ஒருவர் அவற்றுக்கு உண்மையாக நடந்துகொண்டால், குறிப்பாகத் தன் பற்றோ குறையோ இழுத்த பக்கம் போய் அதனால் இழப்பைச் சந்தித்தால், டன்ஜன் மாஸ்டர் அவருக்கு இன்ஸ்பிரேஷன் தரலாம். அதைச் சேர்த்துவைக்க முடியாது. ஒருவரிடம் ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. தாக்குதல், திறன் சோதனை, சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு அதைச் செலவழித்தால் அட்வான்டேஜ் கிடைக்கும். அதாவது இருபது முகப் பகடை இரண்டை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். விரும்பினால் அதை இன்னோர் ஆட்டக்காரருக்கு விட்டுக்கொடுக்கவும் செய்யலாம்.

இந்த விதி எதைச் சாதிக்கக்கூடியது என்பதை ஒரு மாலையில் நேரில் கண்டேன். எங்கள் குழுவில் பாலடின் என்னும் புனித வீரனாக ஆடியவர், ‘எந்நிலையிலும் பொய் சொல்லமாட்டேன்’ என்பதைத் தம் இலட்சியமாக எழுதியிருந்தார். கோட்டைக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைவதற்காகக் குழுவினர் முந்தைய அமர்வு முழுவதையும் திட்டமிடுவதிலேயே செலவிட்டிருந்தார்கள். வாயிலில் காவலனாக நின்று நான் கேட்டேன்: “உன்னுடன் வேறு யாரேனும் வந்திருக்கிறார்களா?” இல்லை என்ற ஒரே சொல் போதும், கதவு திறந்துவிடும். அவர் ஏமாற்றுச் சோதனைக்காகப் பகடையைக் கையில் எடுத்தார், எடுத்ததை மீண்டும் மேசையில் வைத்தார், தோழர்களின் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, “மூன்று பேர். கிணற்றுக்குப் பின்னால் இருக்கிறார்கள்” என்றார். நான் ஒன்றும் பேசாமல் இன்ஸ்பிரேஷனின் அடையாளமாக நீலக் கண்ணாடி மணி ஒன்றை அவர்முன் நகர்த்திவைத்தேன். திட்டம் குலைந்து, கோட்டையின் எச்சரிக்கை மணி அடித்து, சண்டை மூண்டது. மற்ற எல்லோரையும்விடக் கோபமாக இருந்தவர் திருடன் ஆடியவர்தான். அவருடைய பாத்திரம் நச்சுப்புகையில் சிக்கிச் சேவிங் த்ரோ உருட்ட வேண்டி வந்தபோது, பாலடின் அந்த நீல மணியை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். முதல் பகடையில் 4 விழுந்தது, இரண்டாவதில் 17. அந்தப் பதின்மூன்று எண் வித்தியாசத்தில் கோபமும் கரைந்தது, திருடனும் பிழைத்தான்.

கணக்கைப் பார்ப்போம். 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில், ஒரு பகடையில் 50 விழுக்காடாக இருக்கும் வாய்ப்பு அட்வான்டேஜால் 75 விழுக்காடாகிறது. சராசரி 10.5இலிருந்து ஏறக்குறைய 13.8க்கு உயர்கிறது. 20தான் விழவேண்டும் என்றால் வாய்ப்பு 5இலிருந்து 9.75 ஆகும். பயன் கணிசமானதுதான் என்றாலும், உருட்டுவதற்கு முன்பே செலவழிக்க வேண்டும் என்பது பழைய விதியின் பெரிய குறை. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள இடத்தில், இரண்டில் ஒரு தடவை முதல் பகடையே வென்றிருக்கும், இன்ஸ்பிரேஷன் வீணாகிவிடும். அட்வான்டேஜ் வேறு வழியில் ஏற்கெனவே கிடைத்திருந்தால் அதன்மேல் இன்னொன்று ஏறாது. எனவே ஆட்டக்காரர்கள் அதைப் பெரிய சண்டைக்கென்று பொத்திப்பொத்தி வைத்து, கடைசியில் மறந்தே போகிறார்கள். ஏற்கெனவே கையில் ஒன்று இருக்கிறதே என்று டன்ஜன் மாஸ்டரும் தருவதை நிறுத்திவிடுகிறார்.

2024 விதி இந்தக் குறைகளை அழகாகத் தீர்த்திருக்கிறது. எந்தப் பகடையையும் உருட்டி, விழுந்த எண்ணைப் பார்த்த பிறகு மறுபடி உருட்டலாம். புதிதாக விழும் எண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டும். தோற்ற இடத்தில் மட்டும் செலவழிப்பதால் வீணாவதில்லை. குணப்படுத்தும் பகடைக்கும் சேதப் பகடைக்கும்கூடப் பயன்படும். கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று கிடைத்தால், அதை இல்லாத ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதும் நல்ல ஏற்பாடு.

எனக்கு வருத்தம் தருவது அது வந்துசேரும் வழிதான். வீரமாகவோ, பாத்திரத்துக்கு ஏற்பவோ, சுவையாகவோ எதையாவது செய்தால் டன்ஜன் மாஸ்டர் தரலாம் என்று புதிய நூலும் சொல்கிறது. ஆனால் மனித இனப் பாத்திரம் ஒவ்வொரு நீண்ட ஓய்வு முடிந்ததும் தானாகவே ஒன்றைப் பெறுகிறது. மியூசிஷியன் என்ற ஃபீட் (சிறப்புத் திறன்) உள்ளவர் ஓய்வின் முடிவில் ஒரு பாட்டு வாசித்துத் தோழர்களுக்கு வழங்கிவிடலாம். நன்றாகத் தூங்கி எழுந்தாலே கிடைக்கும் ஒன்றைத் தன் திட்டத்தையே பலிகொடுத்த பாலடினுக்குப் பரிசென்று நீட்டும்போது அதன் மதிப்பு இறங்கிப்போகிறது. மேலும், குணமும் இலட்சியமும் பற்றும் குறையும் பழைய பாத்திரத்தாளின் முன்பக்கத்திலேயே நான்கு கட்டங்களாக இருந்தன. புதிய தாளின் முன்பக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை. எழுதிவைக்காத ஒன்றுக்கு ஒருவர் உண்மையாக இருந்தாரா என்பதை எதைக்கொண்டு அளப்பது?

இரண்டு நூல்களிலுமே பரிசளிக்கும் பொறுப்பு பெரும்பாலும் டன்ஜன் மாஸ்டரின் தலையில்தான் விழுகிறது. இங்கேதான் நான் தவறு செய்தேன். என் பழைய குழு ஒன்றில், குரலை மாற்றிப் பேசி அரங்கத்தையே கட்டிப்போடும் ஒருவர் இருந்தார். ட்ரூயிட் என்னும் இயற்கை மந்திரவாதியாக ஆடிய பெண்ணோ மிகக் குறைவாகப் பேசுவார். பல மாதங்களுக்குப் பிறகு என் குறிப்பேட்டைப் புரட்டியபோது, முன்னவருக்கு ஏறக்குறைய ஒவ்வோர் அமர்விலும் மணி போயிருந்ததையும், ட்ரூயிடுக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைத்திருந்ததையும் பார்த்து மனம் கனத்தது. நான் பாராட்டியது பேச்சுத் திறமையை; பாத்திரத்தை அல்ல. அதன்பின் 2014ஆம் ஆண்டின் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் மாற்று விதியாகக் கூறப்பட்டதைக் கையிலெடுத்தேன்: ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஓர் அமர்வில் ஒரு தடவை இன்னொருவருக்கு இன்ஸ்பிரேஷன் தரலாம். அன்றைக்கு முதல் மணியே அந்தப் பெண்ணுக்குப் போயிற்று. சில அமர்வுகளுக்கு முன் பனிமலையில், கைதியாகப் பிடித்த எதிரிக்குத் தன் போர்வையைக் கொடுத்துவிட்டு அவருடைய ட்ரூயிட் குளிரில் காவலிருந்தாள் என்று கொடுத்தவர் காரணம் சொன்னார். நான் அதைக் கவனிக்கவே இல்லை; மேசையில் இருந்தவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

டன்ஜன் மாஸ்டர் ஒருவரே நீதிபதியாக இருக்கும் முறை பழமையானது. அட்வான்ஸ்டு பதிப்புக்கு 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின்படி, பாத்திரம் தன் தொழிலுக்கேற்ப நடந்ததா என்று டன்ஜன் மாஸ்டர் 1 (மிகச் சிறப்பு) முதல் 4 (மோசம்) வரை மதிப்பெண் இடுவார். சண்டையில் பின்வாங்கிய வீரனுக்கும், குணப்படுத்த மறுத்த மதகுருவுக்கும் மோசமான எண் விழும். அடுத்த நிலைக்கு உயரப் பயிற்சி பெற வேண்டிய வாரங்களை அந்த எண்களின் சராசரி தீர்மானிக்கும். வாரத்துக்கு 1,500 பொற்காசை நிலையால் பெருக்கிய தொகை செலவாகும். மூன்றாம் நிலை வீரன் சிறப்பாக ஆடினால் 4,500, மோசமாக ஆடினால் 18,000. இது பரிசல்ல, அபராதம்; அது திரும்பி வரவேண்டாம். நிலை உயர உதவும் அனுபவப் புள்ளிகளைக் கூடுதலாகத் தருவதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் ஒரே குழுவுக்குள் நிலை வேறுபாடு வந்துவிட்டால் அது கேம்பெய்ன் முடியும்வரை போகாது.

புதிதாகத் தொடங்கும் குழு 2024 நூலை வாங்குவதே சரி. மறு உருட்டல் விதிக்காகவே அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மனித இனத்துக்கும் மியூசிஷியனுக்கும் கிடைப்பதை வேறு நிறத் தாள்துண்டாக வைத்துக்கொண்டு, கண்ணாடி மணியைப் பாத்திரமேற்புக்கு மட்டும் ஒதுக்குங்கள். அதைத் தரும் உரிமையை மேசையிலுள்ள எல்லோருக்கும் பகிர்ந்துகொடுங்கள். எங்கள் குழுவில் இப்போது ஒவ்வொருவரும் தம் இலட்சியம், பற்று, குறை மூன்றையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, நடுவில் மடித்து, எதிரே இருப்பவர்கள் படிக்கும்படி தம்முன் நிறுத்திவைக்கிறோம். ட்ரூயிடின் அட்டையில் மூன்றாவது வரி இது: ‘குளிரில் நடுங்கும் யாரையும் விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது.’