நல்லமிளகு முழுசாவா, பாக்கெட் பொடியாவா?

குத்தாலத்துல சாரல் விழுந்துட்டா நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு நல்லமிளகு ரசந்தான், ஆனா இப்பல்லாம் நிறைய பேரு அதுக்கும் பாக்கெட் பொடியத் தட்டிவிட்டு வேலைய முடிச்சிருதாங்க, எனக்கு அதப் பாத்தா மனசே ஆறல.

காரம் மட்டும் போதும்னா பொடி ஒண்ணும் மோசமில்ல. மிளகோட காரம் அதுல உள்ள பைப்பரின்ங்கிற பொருள்ல இருக்கு, அது லேசுல பறந்து போகாது. பறந்து போறது வாசனைதான், அது ஆவியாகுற எண்ணெய், அரைச்ச நிமிசத்துல இருந்தே குறைய ஆரம்பிச்சிரும், அப்புறம் மாசக்கணக்கா கடை ஷெல்ஃப்ல கிடந்த பாக்கெட்ல என்ன மிஞ்சும் சொல்லுங்க. அதே ஒரு ஸ்பூன் முழு மிளகு, சீரகம், நாலு பல்லு பூண்டு தோலோட, சின்ன உரல்ல போட்டு ஒண்ணும் பாதியுமா நசுக்குங்க, கை கழுவுன பொறவும் மணக்கும். ரசம் நுரை கட்டுனதும் இறக்கிரணும், தளதளன்னு கொதிக்க விட்டா இடிச்சதும் வீண்.

வெண்பொங்கலுக்குப் பொடி வேண்டவே வேண்டாம், பொங்கலே சாம்பல் கலராயிரும். நெய்ல முழுசாப் பொரிஞ்ச மிளகு பல்லுல கடிபடணும், அதான ருசி. ஆம்லெட்டு, ஆஃப்பாயில், சூப்புக்கு மட்டும் பொடிதான் வசதி, சீராப் பரவும்.

வெள்ளை மிளகும் அதே கொடியில காய்க்கிறதுதான், பழுத்தத ஊறவச்சுத் தோல எடுத்துருதாங்க. வாசனை பெரும்பாலும் தோல்லதான் இருக்கு, அதனால காரம் நிக்கும், மணம் கம்மி. தேங்காப்பால்ல வைக்கிற சொதிக் குழம்பு வெள்ளையா இருக்கணும்னு இதப் போடுதவங்களும் உண்டு, என்னக் கேட்டா சொதிக்குப் பச்சமிளகாயும் இஞ்சிச்சாறும் தாராளம்.

இன்னொரு விசயம் கலப்படம். பப்பாளி விதையக் காயவச்சு மிளகோட கலக்குதாங்க. முழுசா வாங்குனா கண்டுபிடிக்கலாம், ஒரு கிளாஸ் தண்ணில போட்டா நல்ல மிளகு அடியில போயிரும், பப்பாளி விதை மிதக்கும். உள்ள ஒண்ணுமில்லாத சொத்தை மிளகும் மிதக்கும், அதையும் விரலால நசுக்கிப் பாருங்க, பொலபொலன்னு உடைஞ்சா அந்தச் சரக்கு வேண்டாம். பொடியில இதெல்லாம் எங்க பாக்க?

பொடி கட்டாயம் வேணும்னா முழு மிளக வெறும் சட்டில லேசா சூடு காட்டி, ஆறவிட்டு, மிக்சில கொரகொரப்பா ஒரு சுத்து விட்டு, மூடி இறுக்கமான பாட்டில்ல வைங்க, ஒரு வாரத்துக்கு வேணுங்கிறத மட்டும் அரைங்க.